ஒரு பந்து மிச்சம்

மார்ச் 3

காசு கட்டி 9-பால் பூல் மேட்ச். வெள்ளப் பந்தால (க்யூ பால்) 1-லேர்ந்து நம்பர் வரிசைல அடிச்சு, 9-அ பாக்கெட்ல போடுறவனுக்கு ஒரு ரேக். முதல்ல 9 ரேக் எடுக்கிறவன் ஜெயிச்சான், அதான் 9-க்கு ரேஸ். 8-8. கடைசி ரேக். டேபிள்ல 9 மட்டும்தான் இருந்துச்சு. விட்டுட்டேன்.

மார்ச் 4

தூக்கமே இல்ல. கண்ண மூடினா அந்தப் பந்துதான் வருது, பாக்கெட் வாய்ல இங்க ஒரு இடி அங்க ஒரு இடி இடிச்சுட்டு அப்படியே நின்னுச்சு. நான் க்யூவ கீழ வைக்கக்கூட இல்ல, குனிஞ்ச மேனிக்கே நின்னேன். எதிர்ல ஆடினவன் எந்திரிச்சு வந்து தட்டிவிட்டுட்டு லைட்டு மேல வச்சிருந்த பணத்த எடுத்துக்கிட்டான். அண்ணன் ஒரு வார்த்தை பேசல, கார் சாவிய மட்டும் தேடினாரு.

பணம் மொத்தமும் அண்ணனோடது. ஜெயிச்சா பாதி எனக்கு, தோத்தா முழுசும் அவருக்கு. 2 வருஷமா இப்படித்தான் ஆடுறேன். இதுவரைக்கும் இத ஒரு பெரிய உதவியாத்தான் நினைச்சிருந்தேன்.

மார்ச் 6

இன்னைக்கு ஒருத்தன் கேட்டான், சிரிச்சுக்கிட்டே, "மேட்ச வித்துட்டியாமே?"

மார்ச் 7

வித்துட்டேனாம். அதாவது நானும் எதிர்ல ஆடினவனும் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு, நான் வேணும்னே தோத்து, அண்ணன் பணத்த ரெண்டு பேரும் பிரிச்சுக்கிட்டோமாம். காலைலேர்ந்து இதேதான் மனசுல ஓடுது, வேலையே ஓடல. யோசிச்சுப் பாத்தா வெளிய இருந்து பாக்குறவனுக்கு அப்படித் தோணுறதுல தப்பே இல்ல, தோத்தா எனக்கு ஒரு பைசா நஷ்டமில்ல, வித்தா லாபம். பயத்துல விட்ட பந்தும் வேணும்னு விட்ட பந்தும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். நான் நேர்மையா ஆடித்தான் விட்டேன்னு காட்ட என்கிட்ட என்ன இருக்கு?

ஒண்ணு இருக்கு. மேட்ச விக்கிறவன் 9-அ விடமாட்டான். எல்லார் கண்ணும் அதுமேலதான இருக்கும். அவன் 6 போடுறப்பவே க்யூ பால நாலு விரக்கடை கூட ஓடவிட்டு 7-க்கு கஷ்டமான ஆங்கிள வாங்கிக்குவான், அப்புறம் அத மிஸ் பண்ணா "பாவம், நல்லா ட்ரை பண்ணான்"னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. இதப் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், ஒரு தடவ இல்ல. நான் 6, 7, 8 மூணையும் சுத்தமா போட்டுட்டு வந்து கைக்குப் பக்கத்துல இருந்த 9-அ விட்டேன். விக்கிறவன் இப்படியா செய்வான்?

ஆனா இத அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? எப்படி விக்கிறதுன்னு இவ்வளவு தெளிவா சொல்றியே, உனக்கு எப்படித் தெரியும்னுல்ல கேப்பாரு.

மார்ச் 9

அதே ஷாட்ட வச்சேன். பேப்பர் கிழியாம இருக்க ஓட்டையச் சுத்தி ஒட்டுவாங்கல்ல அந்த வளைய ஸ்டிக்கர், அத துணில ஒட்டினா பந்து ஒவ்வொரு தடவயும் அதே இடத்துல உக்காரும். 50 தடவ அடிச்சேன், 47 விழுந்துச்சு.

47.

மார்ச் 10

அண்ணன் போன் எடுக்கல.

மார்ச் 12

பிலிப்பைன்ஸ் பூல் ஆட்டக்காரர் எஃப்ரென் ரெய்ஸ் பத்தி நினைச்சுட்டே இருந்தேன். 1985-ல ஹூஸ்டனுக்கு வந்தப்போ சீசர் மொராலஸ்னு வேற பேர்ல ஆடினாரு, சொந்தப் பேரச் சொன்னா எவனும் காசு கட்டி ஆட வரமாட்டான்னு. பேரக்கூட ஒளிச்சுட்டு ஆடின மனுஷன். அப்புறம் 1996-ல ஹாங்காங்ல அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்ட்ரிக்லண்ட் கூட 120 ரேக் ரேஸ், ஜெயிக்கிறவனுக்கு 1 லட்சம் டாலர். 120-117. அவ்வளவு நேரம் ஆடி வெறும் 3 ரேக்தான் வித்தியாசம். நான் 9-க்கு ரேஸ் ஆடி அதுக்கே கை நடுங்கி நின்னேன்.

மார்ச் 14

அன்னைக்கு ஜெயிச்சவனே மெசேஜ் போட்டான். திரும்ப ஆடலாமாம். "உனக்கு 8 தரேன்"னான், அதாவது நான் 8 போட்டாலும் எனக்கு ரேக், அவன் மட்டும் 9 வரைக்கும் போகணும். 8-8 வரைக்கும் வந்தவனுக்கு ஸ்பாட், அதான் சலுகை, குடுக்குறானாம். அரை மணி நேரம் பதில் போடல, உடம்பெல்லாம் சூடாயிடுச்சு.

ஸ்பாட் வேணாம்னு சொல்லிட்டேன். ரேஸும் வேணாம், 10 ரேக் முன்னாடி போறவன் ஜெயிச்சான், அவ்வளவுதான். ஒரு ரேக் அவன் அடிச்சா என் கணக்குல ஒண்ணு குறையும். அதுல ஒரு பந்து, ஒரு அதிர்ஷ்டம் எல்லாம் செல்லாது, விடிய விடிய ஆனாலும் யாரு நல்லா ஆடுறானோ அவன்தான் ஜெயிப்பான்.

இந்தத் தடவ என் பணம். வாடகைய தொடமாட்டேன், அதுக்கு மேல இருக்கிறது மொத்தமும். வீட்ல சொல்லல.

மார்ச் 16

ரெண்டு நாளா பேரம். ஒவ்வொரு ரேக்குக்கும் பந்த அவனவன் அடுக்குறதா, எதிராளி அடுக்குறதா. பிரேக், அதான் முதல் அடி, ஜெயிச்சவனுக்கா, மாத்தி மாத்தியா. பாதி ஆட்டம் இந்தப் பேரத்துலயே முடிஞ்சுடுதுன்னு அண்ணன் சொல்லுவாரு, அவர் இல்லாம நானே பேசுறது இதான் முதல் தடவ. பணத்த யார் கைல குடுக்குறதுன்னு அவன் கேட்டான், நான் அண்ணன் பேரச் சொன்னேன். அவன் உடனே சரின்னுட்டான்.

அண்ணன்கிட்ட இன்னும் கேக்கல.

மார்ச் 18

கண்டுபிடிச்சேன். மெதுவா அடிச்சிருக்கேன். வெட்டி, அதாவது பந்தோட ஓரத்துல படுற மாதிரி, அடிக்கிறப்போ க்யூ பால் சுத்தாம மெதுவா போய்ப் பட்டா ரெண்டு பந்தும் ஒட்டி உரசும், உரசி அடுத்த பந்த க்யூ பால் போற பக்கமா கொஞ்சம் இழுத்துரும், நாம மெல்லிசா வெட்டினோம்னு நினைப்போம் அது தடிமனா பட்ட மாதிரி போகும். இன்னைக்கு அதே ஸ்டிக்கர்ல வேகத்த குறைச்சு அடிச்சேன், அதே மூலைல அதே மாதிரி இடிச்சு நின்னுச்சு. அன்னைக்கு நின்ன மாதிரியே. மூணு தடவ.

பயந்தவன் மெதுவாத்தான் அடிப்பான். எனக்கு அழுகையே வந்துருச்சு.

மார்ச் 19

அண்ணன் வந்தாரு. நான் அடிச்சுட்டு இருந்தேன், எவ்வளவு நேரமா கதவுகிட்ட நின்னாருன்னு தெரியல. துணில இருந்த ஸ்டிக்கரக் குனிஞ்சு பாத்தாரு, விரலால தடவினாரு. "அண்ணே, அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். "க்யூ நுனி டிப் வழவழன்னு ஆயிருச்சுடா, மாத்து, சாக் பொடி பிடிக்காது"ன்னாரு. பணத்த வச்சுக்குறீங்களான்னு கேட்டேன். தலைய ஆட்டினாரு. நம்புறாரா இல்லையா அதுல எனக்குப் புரியல.

மார்ச் 20

டிப் மாத்தியாச்சு.

மார்ச் 21

ராத்திரி 1.20. 4 மணி நேரமா ஆடுறோம், ஒரு கட்டத்துல அவன் 5 முன்னாடி இருந்தான், இப்ப நான் 6 முன்னாடி. அவன் முகம் கழுவப் போயிருக்கான். அண்ணன் ரெண்டு பேர் பணத்தையும் சட்டைப் பையில வச்சுக்கிட்டு சுவர் ஓரமா நிக்கிறாரு, இந்தப் பக்கமும் இல்ல அந்தப் பக்கமும் இல்ல, போன ரேக்ல அதே மூலைல அதே மாதிரி 9 வந்துச்சு, சத்தமா அடிச்சேன், விழுந்துச்சு, அப்ப மட்டும் நான் அவர் பக்கம் திரும்பல, கூப்பிடுறான், என் பிரேக்