கிச்சன் குழாய்ல தண்ணி நூல் மாதிரி வருதா?

உடனே பிளம்பருக்கு போன் போடாதீங்க, அவரு "நாளைக்கு வரேன் சார்"ம்பாரு, எந்த நாளைக்குன்னு சொல்லவே மாட்டாரு. முக்காவாசி நேரம் குழாய் வாயில திருகி இருக்கிற அந்த சின்ன வலை, ஏரேட்டர்னு கடையில கேட்டா தருவாங்க, அதுலதான் உப்பு அடைச்சிருக்கும். போர் தண்ணி வீடுன்னா கேக்கவே வேணாம், கழட்டிப் பாத்தா வெள்ளையா பொருக்கு தட்டி நடுவுல டேங்க்ல இருந்து வந்த மணலும் ஒக்காந்திருக்கும். துணிய சுத்தி கையால திருகுனாலே பெரும்பாலும் வந்துரும். வினிகர்ல ராத்திரி ஊறப்போட்டு காலைல பழைய பல்லு பிரஷ்ஷால தேய்ச்சா போதும், அந்த உப்புல பெரும்பங்கு கால்சியம் கார்பனேட்தான், புளிப்பு பட்டா நுரைச்சு கரைஞ்சிரும். பாத்ரூம் ஆசிட் மட்டும் ஊத்திராதீங்க, குரோம் பூச்சு போயிரும்.

குழாய் சுவத்துல சேர்ற எடத்துல கசிஞ்சா டெஃப்லான் டேப், அதான் குழாய் மரையில சுத்துற மெல்லிசான வெள்ளை டேப்பு. மொதல்ல மாடி டேங்க் வால்வை மூடுங்க. அப்புறம் குழாயக் கழட்டி, அதோட மரை (திருகுற வரி) நம்மள பாத்த மாதிரி வெச்சு டேப்ப கடிகாரம் சுத்துற பக்கமா இழுத்துப் புடிச்சு சுத்தணும், மாத்தி சுத்துனா முறுக்கும்போதே டேப்பு பிரிஞ்சு வெளிய வந்துரும். இதுக்குப் போய் கல்லு மாதிரி எறுகுற எம்சீல் பசைய அப்பி வெக்கிறவங்கள பாத்தாதான் கடுப்பாகுது, அப்புறம் கழட்டணும்னா ஒடைக்கத்தான் வேணும்.

எங்க வீட்டம்மா அடுத்த ஆர்டர் போட்டாச்சு, சிங்க் ஓரத்து இடுக்குல சிலிக்கான் பசை அடிக்கணுமாம். வெள்ளையா கிளியரா, எது சீக்கிரம் கறுத்துப் போகாது? அடிச்சவங்க சொல்லுங்கப்பா.