பகலில் தூங்குகிறவன்

சித்தப்பாவுக்குக் கட்டுவிரியனைப் பார்க்க வேண்டுமாம். பதினோரு வருடங்களுக்கு முன் அவரைக் கடித்தது அதுதான். பாயில் படுத்திருந்தவர் விடிகாலை வயிற்று வலி என்று எழுந்தார். சித்தி ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். விடிவதற்குள் கண் இமைகள் தூக்க முடியாமல் விழுந்துவிட்டன. கடித்த இடத்தில் வீக்கமில்லை, வலியில்லை. பாயைச் சுருட்டியபோதுதான் பாம்பு தெரிந்தது. மருத்துவமனையில் நான்கு நாள் வென்டிலேட்டர்.

காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டியில் அது உடலுக்கடியில் தலையைச் செருகிக்கொண்டு கிடந்தது. ஒரு சிறுவன் கண்ணாடியைத் தட்டி, "செத்துவிட்டதா?" என்றான். "இந்தச் சாதுவா என்னைக் கடித்தது?" என்றார் சித்தப்பா. எனக்கு எரிச்சலாக இருந்தது. இரவில் எலியையும் பிற பாம்புகளையும் தேடித் திரிகிற பிராணியைப் பகல் வெளிச்சத்தில் காட்டினால், பார்ப்பவர் தப்பான பாடத்தோடுதான் வீட்டுக்குப் போவார்.

அதைவிட, சென்னைக்கு அருகே வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள், பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்கள் 1978 முதல் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்புகளை வைக்கும் மண்பானைகளே மேல். உள்ளே மணல், வாயில் துணிக்கட்டு, இருட்டு. சில வாரம் வைத்து விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

அங்கே போனபோது சித்தப்பா அடுத்த கேள்வியைப் போட்டார்: "கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, கடல்பாம்பு ஏன் இல்லை?"

கோவளத்தில் வலையிலிருந்து உதறிய ஒன்றை ஒருமுறை பார்த்திருக்கிறேன். வயிற்றுச் செதில்கள் சிறுத்துப்போனதால் மணலில் ஊர முடியாமல் துவண்டு கிடந்தது. தண்ணீர் தாங்கினால்தான் அந்த உடம்புக்குப் பலம். தொட்டியில் விட்டாலும் சிக்கல்தான். நடுக்கடலில் மிதந்தே வாழும் மஞ்சள் வயிற்றுக் கடல்பாம்புக்குச் சுவர் என்றால் என்னவென்றே தெரியாது. மூலையில் மூக்கை இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். தொட்டி வட்டமாக இருக்க வேண்டும். குடிக்க நல்ல தண்ணீரும் வேண்டும். கடலில் மழைநீர் மேலே மிதக்கும்போது அதைத்தான் குடிக்கிறது. கடித்துவிட்டால் நம் ஊர் விஷமுறிவு மருந்தை நம்ப முடியாது. அது நாகம், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் ஆகிய நான்குக்கு மட்டும் செய்தது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்த சித்தப்பா, வாசலில் டிக்கெட் கொடுப்பவரிடம் நின்றார்.

"தம்பி, ராத்திரியில் வந்தால் விடுவீர்களா? அவன் விழித்திருக்கும்போது ஒருமுறை பார்க்க வேண்டும்."