பால்கனி ஸ்லைடிங் கதவுக்குத் திரை: துணிக்கடைக்குப் போகும் முன்

படுக்கையறை ஜன்னல் திரையை ஒரு நாளில் இரண்டு தடவை தொட்டால் அதிகம். பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவின் திரை அப்படியல்ல. துணி காயப்போட, எடுக்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்று நாள் முழுக்க விலக்கிக்கொண்டே இருப்போம். ஆகவே நிறம், டிசைன் எல்லாம் அப்புறம். திரை எந்தப் பக்கம் ஒதுங்கப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

சென்னை பிளாட்டுகளில் பார்க்கிற 6 அடி அகலம், 7 அடி உயரக் கதவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கண்ணாடியில் ஒன்று மற்றொன்றின் பின்னால் போய் நிற்கும். நடக்கக் கிடைக்கும் வழி 3 அடிக்கும் குறைவுதான். நடுவில் பிரியும் திரை போட்டால், லைனிங் வைத்த கனத் துணி ஒதுங்கின பிறகும் பக்கத்துக்கு ஓர் அடி போல அடைத்துக்கொள்ளும். அதில் பாதி வழியில்தான் நிற்கும். போகும்போதும் வரும்போதும் தோளில் உரசும், ஈரத் துணியோடு வந்தால் கறைபடும். முழுத் திரையும் நகராத கண்ணாடிப் பக்கமாக ஒரே திசையில் ஒதுங்கட்டும்.

இங்கேதான் ரிங் வைத்த திரை காலை வாரிவிடும். 6 அடியைத் தாண்டும் ராடுக்கு நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும், இல்லாவிட்டால் கனத்தில் தொய்யும். ரிங் அந்த பிராக்கெட்டைத் தாண்டாது. நடுவில் பிரியும் திரைக்கு அதனால் சிக்கலில்லை. ஒரே பக்கம் ஒதுங்கும் திரை பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும். "பார்த்துக்கலாம் சார்" என்று கடையில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அலுமினிய டிராக்கும், அதில் திரையைத் தாங்கி ஓடும் ரன்னரும் கேளுங்கள். டிராக்கை எத்தனை இடத்தில் தாங்கினாலும் ரன்னர் உள்ளே தடையில்லாமல் ஓடும்.

துணிக் கணக்கு இப்படி. கதவு 72 இன்ச். பக்கத்துக்கு 8 இன்ச் சேர்த்தால் டிராக் 88 இன்ச். கதவுச் சட்டத்துக்கு மேல் 6 இன்ச் விட்டு மாட்டினால் தரையிலிருந்து உயரம் 90 இன்ச். மடிப்பு நன்றாக விழ டிராக் நீளத்தைப் போல இரண்டு மடங்கு, அதாவது 176 இன்ச் அகலம் தேவை. 54 இன்ச் பன்னாத் துணியில் மூன்று துண்டு வைத்தால் 162, கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். நான்கு வைத்தால் தாராளம். மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 6 சேர்த்து ஒவ்வொன்றையும் 100 இன்ச் நீளத்தில் வெட்ட வேண்டும். நான்குக்கும் சேர்த்து 10.2 மீட்டர், லைனிங்கும் அதே அளவு. பெரிய பூப்போட்ட துணி என்றால் கணக்கு மாறும். டிசைன் 24 இன்ச்சுக்கு ஒருமுறை திரும்பி வந்தால், பூவுக்குப் பூ சேர 100 இன்ச் 120 ஆகிவிடும்; மொத்தம் 12.2 மீட்டர். பருத்தி என்றால் தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிடுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். தைத்து முடித்த திரை தரைக்கு அரை இன்ச் மேலே நிற்கட்டும். தரையைத் தொட்டால் மாப் போடுகிற தண்ணீரும், மழையில் கதவின் கீழ் டிராக் வழியே வருகிற தண்ணீரும் துணியில் ஏறும்.

வெளிச்சத்தை மறைக்கும் பிளாக்அவுட் துணி போட்டும் அறை இருட்டவில்லை என்பவர்கள் துணியைக் குறை சொல்வார்கள். வெளிச்சம் பெரும்பாலும் மேலேயும் பக்கங்களிலும் இருந்துதான் வருகிறது. டிராக்கை சீலிங்கிலேயே மாட்டுவது அல்லது திரையின் மேல்பகுதியை மூடும் பெல்மெட் பெட்டி அடிப்பது மேல் கசிவை நிறுத்தும். திரையின் ஓரத்தைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்க ஒரு கொக்கி போதும். கோட்டிங் உள்ள துணியில் தையல் ஓட்டைகள் பகலில் புள்ளி புள்ளியாக மின்னும். அது பிடிக்காதவர்கள் முன்துணியையும் பிளாக்அவுட் லைனிங்கையும் தனித்தனியாகத் தைத்து, மேலே மட்டும் சேர்க்கச் சொல்லலாம். கோட்டிங் பக்கம் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் அது உருகி ஒட்டும். மெல்லிய ஷியர் துணி பகலில் மறைக்கும். ராத்திரி அறையில் லைட் போட்டால் எதிர் பிளாட்டுக்கு எல்லாமே தெரியும், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

மேற்கு பார்த்த கதவுக்கு உள்திரை எவ்வளவு தடிமனாக இருந்தாலும், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது. கண்ணாடிப் பக்கம் வெள்ளை லைனிங் இருந்தால் கொஞ்சம் வெளியே திரும்பும். பால்கனியில் ஒரு மூங்கில் தட்டி கட்டினால் வெயில் கண்ணாடிக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடும்.

பிளைண்டுகளில், செங்குத்துப் பட்டைகள் தொங்கும் வெர்ட்டிகல் இந்தக் கதவுக்கு இயல்பாகப் பொருந்தும், அது பக்கவாட்டில் நகர்வதால். ஆனால் கதவைத் திறந்து கொசுவலையை மட்டும் மூடித் தூங்குகிற வீட்டில் காற்றுக்கு அது படபடவென்று அடித்துக்கொள்ளும், கீழ்ச் சங்கிலியும் அறும். ரோலர் என்றால் வெளியே போக ஒவ்வொரு முறையும் மேலே சுருட்ட வேண்டும். மறைக்கும் பட்டையும் மெல்லிய பட்டையும் மாறி மாறி வரும் ஜீப்ராவில் வரிவரியாக வெளிச்சம் வரும். எது போட்டாலும் பிளைண்டை இழுக்கும் மணிச் சங்கிலியைத் தொங்கவிடாமல் சுவரில் இறுக்கிப் பொருத்துங்கள், குழந்தையின் கழுத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

மாட்டும் வேலையில், கதவுக்கு மேலே இருப்பது லிண்டல் கான்கிரீட். சாதாரண டிரில் திணறும், ஹேமர் டிரில் வேண்டும். டிராக்கின் ஓரங்கள் லிண்டலைத் தாண்டி ஏஏசி பிளாக்கில் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) விழுந்தால் வழக்கமான பிளக் சில மாதத்தில் ஆட்டம் காணும். அதற்கென்று விற்கிற பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் பலகையில் நேராக ஸ்க்ரூ போடவே கூடாது. சீலிங் வேலை முடிவதற்குள் டிராக் வரும் இடத்தில் மேலே ஒரு பிளைவுட் பட்டை வைக்கச் சொல்லிவிடுங்கள். சீலிங் ஏற்கெனவே முடிந்திருந்தால் டிராக்கைச் சுவரில் மாட்டுவதே நல்லது.