நாற்றம் நின்ற பிறகு

ஈரோட்டுக்கு அருகே ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நான் சேர்ந்த காலத்தில், உப்புப் பகுப்பாய்வு நடக்கும் நாள்களில் வாயு தயாரிக்கும் கிப் உபகரணத்தைத் தயார் செய்வதுதான் காலையின் முதல் வேலை. நடுக்குமிழில் பெரஸ் சல்பைடு கட்டிகள் கிடக்கும். மேலிருந்து நீர்த்த அமிலம் இறங்கும். திருகைத் திறந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு வரும். மூடினால், உள்ளே சேரும் வாயுவே அமிலத்தைக் கட்டிகளிடமிருந்து தள்ளி வினையை நிறுத்திவிடும். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் அந்தக் கண்ணாடிக் கலத்தின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

வெளிவரும் வாயுவோடு அமில ஆவியும் வருவதால், அதை நீர்ப் புட்டியில் குமிழவிட்டுக் கழுவுவோம். உலர்த்துவதில்தான் நுணுக்கம். குளோரினை உலர்த்தும் அடர் கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் சல்பைடை விட்டால், அது ஆக்சிஜனேற்றமடைந்து கந்தகம் படியும். அமோனியாவை விட்டால் உப்பாகிப் போகும், அதற்குச் சுட்ட சுண்ணாம்பே சரி. சம்பந்தம் பேசும்போது ஒத்துப்போகும் இடத்தைத் தேடுவோம். இங்கே ஒட்டாததைத் தேட வேண்டும்.

மிச்ச வாயுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் விட்டுப் பிடிப்போம். பிடித்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு மாலை அந்தக் கரைசலைத் தொட்டியில் கொட்டினேன்; சற்று நேரத்தில் ஒரு மாணவர் அதே தொட்டியில் அமிலக் கழிவை ஊற்றினார். காரத்தில் சல்பைடாகக் கட்டுண்டு கிடந்த வாயு, அமிலம் பட்டதும் அழுகிய முட்டை நாற்றத்தோடு மீண்டு வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். ஒரு நிமிடம் கழித்து, "நாத்தம் போயிருச்சுங்க சார்" என்றார் ஒருவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் இந்த வாயு பட்டால் கறுக்கும் லெட் அசிடேட் தாளை நனைத்துப் பிடித்தபோது, அது கண்ணெதிரே கறுத்தது. காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை எட்டும்போது இந்த வாயு மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்யும். அதற்குக் குறைந்த அளவிலும், தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு பழகிவிடும். எந்த அளவில் நின்றிருந்தோம் என்று யோசிக்க நேரமில்லை; அனைவரையும் வெளியே அனுப்பினேன்.

தாழ்வாரத்தில் நிற்கும்போது, சாயப்பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன் தயங்கிச் சொன்னான்: "சல்பர் பிளாக் ஓட்டுற தொட்டிக்குப் பக்கத்துல ஆசிட் கேனையே எங்கப்பா வெக்க உடமாட்டாருங்க சார்." சல்பர் பிளாக் என்ற கறுப்புச் சாயத்தின் தொட்டியில் சல்பைடு இருக்கும்; அமிலம் பட்டால் இதே வாயு கிளம்பும். பாடப் புத்தகத்தில் நான் நடத்திய சமன்பாடுதான் அது, பட்டறையில் அவர்கள் அதைக் கேன் வைக்கும் இடமாகவே கற்றிருந்தார்கள்.

அடுத்த நாள் அமிலக் கழிவுக் கேனையும் காரக் கழிவுக் கேனையும் ஆய்வகத்தின் எதிரெதிர் மூலைகளில் வைத்தோம். சல்பைடு கரைசலைக் காரமாகவே வைத்து, வாயுவை வெளியே இழுத்துவிடும் கூண்டான ஃபியூம் ஹூட்டுக்குள் சிறிது சிறிதாக ஹைப்போகுளோரைட் (ப்ளீச் கரைசல்) சேர்த்துச் சிதைத்த பிறகுதான் அப்புறப்படுத்தினோம். ஹூட்டின் கண்ணாடிக் கதவின் அடியில் மெல்லிய காகிதத் துண்டொன்றையும் ஒட்டினேன். அது உள்நோக்கிச் சாயாத நாளில் கிப்பின் திருகைத் திறப்பதில்லை.