பதினொரு பேர், ஒரு பழைய சட்டம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மெத்தை, மிக்சி, அரிசி மூட்டை போனதையெல்லாம் அம்மா ஒரு மாதத்தில் விட்டுவிட்டார். ஒரு படம் போனதை மட்டும் இன்றுவரை விடவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கலாம் என்று சுவரிலிருந்து கழற்றி, பீரோ ஓரமாகத் தரையில் சாய்த்து வைத்திருந்தோம். தண்ணீருக்கு அதைவிட வசதி வேண்டுமா?

1974இல் இராயபுரத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். ஸ்டுடியோக்காரர் மாட்டிவிட்ட கோட்டில் தாத்தா, நாற்காலி நுனியில் பாட்டி, பதினாறு வயது அப்பா விறைப்பாக, எட்டு வயது அத்தை முக்காலியில் ஒரு கை வைத்தபடி. தண்ணீர் வடிந்ததும் சட்டத்தைத் திறந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்த படத்தை நான்தான் உரித்தேன். நனைந்த படத்தின் மேல்பூச்சு கூழாகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. கையில் வந்தது வெற்றுத்தாள் மாதிரி ஒன்று. பாட்டியின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. உங்கள் வீட்டில் இப்படி ஒட்டிய படம் இருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்துப் படம்பிடித்துவிடலாம் என்று பிறகுதான் ஒரு போட்டோகிராபர் சொன்னார்.

அவரையே புதிய குடும்பப் படத்துக்குப் பிடித்தோம். 7,000 ரூபாய் பேசினோம். வீட்டுக்கே வருவதாகச் சொன்னார்.

நாள் குறிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தம்பிக்கு மணலியில் ஷிப்ட் வேலை, அண்ணன் மகளுக்கு டியூஷன், என் கணவருக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. 'ஞாயிறு மாலை நாலரைக்கு மேல் வெயில் சாயும், முகத்துக்கு நல்ல வெளிச்சம்' என்றார் போட்டோகிராபர். அம்மா காலண்டரைப் பார்க்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். 'படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது ராகுவும் கூட நிற்பானா?' என்று கேட்டார். நான் வாதாடவில்லை. காலையிலும் அதே சாய்ந்த வெளிச்சம் கிடைக்குமே! எல்லோரும் ஊரில் இருக்கும் பொங்கல் வாரம்தான் வசதி, ஆனால் போகியன்று வேண்டாம், புகையில் எதிர்வீடு கூடத் தெரியாது. காணும் பொங்கலுக்குப் பிறகு வந்த ஞாயிறு, 2025 ஜனவரி 19, காலை ஏழு மணி என்று முடிவானது.

அடுத்து உடை. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் எடுக்கலாம் என்றார் அண்ணி. கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வந்தவர்கள் போல இருக்கும் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். அம்மா எப்படியும் புதுப்புடவை வாங்கப்போவதில்லை, அவருடைய அரக்குப் பட்டைத்தான் கட்டுவார். அதை நடுவில் வைத்து மற்றவர்கள் மஞ்சள், பச்சை, சந்தனம் என்று அதற்கு ஒத்துப்போகும்படி எடுத்துக்கொண்டோம். வயதானவர்களின் உடையை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை குறையும்.

அண்ணன் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கிய பொடிக்கட்டம் போட்ட சட்டையோடு வந்தான். பொடிக்கட்டமும் மெல்லிய கோடும் வேண்டாம் என்று போட்டோகிராபர் முன்பே சொல்லியிருந்தார். நம்பாமல் என் போனில் எடுத்துப் பார்த்தால், சட்டை மேல் இல்லாத அலைகள் படத்தில் நெளிந்தன. அண்ணன் மறுநாளே போய் வெறும் சந்தன நிறத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தான்.

இன்னொன்றை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்பினேன்: யாருடைய நிறத்தையும் வெளுக்க வேண்டாம், அப்பாவின் கன்னத்து மருவையும் எடுக்க வேண்டாம். முன்பு வேறொரு கடையில் அப்பாவுக்கு எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தில் அவர் மாவு சலித்துவிட்டு வந்தவர் போல இருந்தார். நாற்பது வருடம் துறைமுக வெயிலில் நின்ற முகம் அது. கேட்காமல் வெளுப்பதுதான் வழக்கமாம். கேட்டு நிறுத்த வேண்டியது நம் வேலையாகிவிட்டது.

படம் எடுப்பதற்கு முன் சட்டத்தின் அளவைக் கேட்டார், அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு. அப்பாவுக்குத் தாத்தாவின் பழைய தேக்குச் சட்டத்தில்தான் புதுப்படம் இருக்க வேண்டும். அது 10க்கு 12 அங்குலம். கேமராப் படமோ 12க்கு 18 என்ற கணக்கில் நீளமாக விழும். பதினொரு பேரும் ஒரே வரிசையில் நின்றுவிட்டு அந்தச் சட்டத்துக்கு வெட்டினால் இரண்டு ஓரத்திலும் ஆள் காணாமல் போவார்கள். அதனால் மூன்று அடுக்கு: கீழே பாயில் குழந்தைகள் மூவர், நடுவே நாற்காலியில் பெரியவர்கள் மூவர், பின்னால் நாங்கள் ஐவர்.

அன்று ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு போட்டோகிராபர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். இராத்திரி ஷிப்ட் முடித்த தம்பி வீங்கிய கண்களோடு நேரே மாடிக்கு வந்தான். அண்ணனின் இரண்டு வயது மகனை எழுப்பி, இட்லி ஊட்டிய பிறகே புதுச்சட்டை போட்டோம். இந்த வரிசை மாறினால் சட்டை போச்சு.

மொட்டை மாடியில் மாடிப்படி அறையின் மேற்குப் பக்க நிழலில் எங்களை நிறுத்தினார். வெயில் சுவருக்குப் பின்னால், முகத்துக்கு முன்னால் திறந்த வானம். ஒருவரும் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயை மட்டும் அவிழ்க்கச் சொன்னார். வெயில் பட்டு அதன் நீலம் முகத்தில் அடிக்கிறதாம். அவிழ்த்த பிறகுதான் என் மகளின் கன்னம் கன்னத்தின் நிறத்துக்கு வந்தது.

சிக்கல் அத்தையிடம் இருந்து வந்தது. மாமா போய் ஆறு வருடம் ஆகிறது. நாற்காலியில் அப்பா, அம்மா பக்கத்தில் உட்காரச் சொன்னால், 'நல்ல நாளில் நான் எதற்கு நடுவில், பின்னால் ஓரமாக நின்றுகொள்கிறேன்' என்று கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய்விட்டார். அப்பா அதட்டினார். அம்மா கையைப் பிடித்து இழுத்தார். நான் நியாயம் பேசினேன். எதுவும் எடுபடவில்லை.

போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: 'அம்மா, மாடி சின்னது. பின்னால் போக எனக்கு இடமில்லை. அகல லென்ஸ் போட்டிருக்கிறேன். இதில் ஓரத்தில் நிற்பவர்கள் ஒன்றரை மடங்கு குண்டாகத் தெரிவார்கள்.'

அத்தை ஒரு நிமிடம் யோசித்தார். 'அப்படியா தம்பி?' என்றார். புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தார். பிறகு வந்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றரை மடங்கு என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அகல லென்ஸ் ஓரங்களை இழுக்கும் என்பது நிஜம். இப்போது அந்த ஓரத்தில் நின்றது நான். படத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும்.

அப்பாவின் மூக்குக் கண்ணாடியில் வானம் வெள்ளையாக மின்னியது. காதருகே கண்ணாடிக் காம்புகளை ஒரு விரல்கடை உயர்த்திவிட்டார். கண்ணாடி சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்ததும் வெள்ளை போய்க் கண்கள் தெரிந்தன. கண் சிமிட்டாமல் இருக்க, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'மூன்று' என்றதும் திறக்கச் சொன்னார். நாற்பதுக்கு மேல் எடுத்தார். இரண்டு வயதுக்காரன் கேமராவைப் பார்த்தது நான்கில்தான். முடியும்போது பெரியவர்கள் மூவரையும் தனியாக எடுக்கலாம் என்றதும் அம்மா, 'மூன்று பேராக எடுக்கக் கூடாது' என்று பேரனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். எல்லாப் படங்களிலும் எனக்குப் பிடித்தது அதுதான். அவன் அத்தையின் வளையலைக் கழற்றப் பார்க்கிறான், அத்தை அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்.

பெரிய படம் அச்சாகி வந்ததும் புதுக் கண்ணாடி போட்டுப் பழைய சட்டத்தில் பொருத்தினோம். இந்த முறை கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் ஓர் அட்டை விளிம்பு வைக்கச் சொன்னேன், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க. பாட்டியின் முகம் தங்கிய பழைய கண்ணாடியைப் பீரோவின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் ஆளுக்கொரு பென்டிரைவில் படங்களைக் கொடுத்தாயிற்று.

ஆணி அடிக்கும் வேலையை அப்பா யாருக்கும் விடவில்லை. வெள்ளையடித்தும் மறையாத தண்ணீர்க் கறையிலிருந்து டேப் வைத்து நான்கு அடி அளந்து, அதற்கும் மேலே அடித்தார். அவ்வளவு உயரத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை என்று அத்தைக்குக் குறை. வரும்போதெல்லாம் முக்காலி போட்டு ஏறித்தான் பார்க்கிறார்.