அக்பாட்சா பழகும் அனுபவம்: மணியிலிருந்து முதுகுக்கு

கானாவின் தென்கிழக்கு மூலையில், வோல்டா ஆறு கடலில் சேரும் இடத்துக்கும் டோகோ எல்லைக்கும் நடுவே வாழும் அன்லோ எவே மக்களின் பொது ஆட்டம் அக்பாட்சா. பழைய போர் ஆட்டம் ஒன்றிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இது, இன்று இழவு வீட்டிலும் திருவிழாவிலும் ஆண், பெண், முதியவர், குழந்தை என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் இறங்கி ஆடும் ஆட்டமாக இருக்கிறது. வேலை நிமித்தமாக டெமா துறைமுக நகரில் வசிக்கும் நான், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஓர் எவே ஆசிரியரிடம் இதன் முரசு வாசிப்பையும் ஆட்டத்தையும் பழகி வருகிறேன். சிறு வயதில் மிருதங்கம் கற்ற பழக்கம் உண்டு என்பதால், இங்கே நான் எழுதுவதெல்லாம் அந்தக் காது கேட்ட விதத்தில்தான் இருக்கும்.

குழுவில் ஐந்து கருவிகள். கான்கோகுயி என்ற இரட்டை இரும்பு மணி, சுரைக்குடுக்கையின் மேல் பாசிமணி வலை போர்த்திய அஹாட்சே என்ற கிலுக்கு, அவற்றோடு காகானு, கிடி, சோகோ என்று சிறிதிலிருந்து பெரிதாக மூன்று முரசுகள். மரச்சட்டங்களைப் பீப்பாய் போல அடுக்கி இரும்பு வளையம் பூட்டிய உடல், அதன் மேல் மான் தோல், தோலை இழுத்துப் பிடிக்கச் சுற்றிலும் மரமுளைகள். வகுப்பு தொடங்கும் முன் அந்த முளைகளைத் தட்டி இறுக்கிச் சுருதி ஏற்றுவது மாணவர்களின் வேலை.

முரசைத் தொட விரும்பி வந்தவனுக்குப் பல வாரங்கள் மணி மட்டுமே கிடைத்தது. பன்னிரண்டு மாத்திரை கொண்ட ஒரு சுற்றில் 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் ஏழு அடிகள் விழ வேண்டும். முதல் அடி கீழ்ச்சுருதி மணியில், மற்றவை மேல் மணியில். அடிகளுக்கிடையேயான இடைவெளி 2, 2, 1, 2, 2, 2, 1. வீணையில் சங்கராபரண ராகத்தின் ஏறுவரிசையை, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எத்தனை மெட்டுக்கட்டை என்று எண்ணிப் பார்த்தால் இதே கணக்கு வருகிறது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை; ஆனால் மனப்பாடத்துக்கு அது பெரிதும் உதவியது, ச ரி க ம என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நான் அடித்திருக்கிறேன்.

மணியின் வரிசை கைக்கு வருவது கடினமே அல்ல. அதைச் சரியான தாளத்தின் மேல் வைத்துக் கேட்பதுதான் கடினம். முதல் மூன்று அடிகளும் இரண்டிரண்டு மாத்திரை இடைவெளியில் வருவதால், காது உடனே ஆறு தட்டுகள் கொண்ட ஒரு தாளத்தைக் கற்பித்துக்கொண்டு, ஆறாவது மாத்திரையில் மணி இடம் மாறியதும் தடுமாறி நிற்கிறது. எவே ஆட்டக்காரர்களின் கால் போடுவது நான்கு தட்டு. நம் கணக்கில் சொன்னால் அது சதுஸ்ர ஏக தாளம், திஸ்ர நடை, அதாவது நான்கு தட்டு, தட்டுக்கு மூன்று மாத்திரை: 'தகிட' நான்கு முறை. கால் விழும் இடங்கள் 1, 4, 7, 10. அவற்றில் மணி சேர்ந்து ஒலிப்பது 1, 10 ஆகிய இரண்டில் மட்டுமே. இரண்டாவது, மூன்றாவது காலடிகளில் மணி மௌனமாக இருக்கும். அந்த இடங்களில் தொடையைத் தட்டிய கிலுக்கு மேலே எழும்பி உள்ளங்கையைத் தொடுகிறது. அடித்துக் காட்டிய மணியைவிட அடிக்காமல் விட்ட இடத்தை நான் கவனிக்கத் தொடங்கியது இந்தக் கிலுக்கைப் பழகிய பிறகுதான்.

காகானுவின் வேலை இன்னும் விசித்திரமானது. மெல்லிய நீளக் குச்சிகள் இரண்டால், ஒவ்வொரு 'தகிட'விலும் 'த'வை விட்டுவிட்டு 'கிட'வை மட்டும் அது அடித்துக்கொண்டே இருக்கும். அதாவது, கால் விழும் நான்கு இடங்களையும் அது ஒதுக்கி வைக்கிறது. இந்த இசையில் அந்த நான்கு தட்டுகளை மட்டும் தனியே எடுத்து அடித்துக் காட்டும் கருவி எதுவும் இல்லை. அவை ஆடுபவரின் காலில் இருக்கின்றன, ஆடாதவருக்குக் கேட்பதில்லை. கிடியைத் தரும் முன் எங்களை ஆட வைத்தே தீருவேன் என்று ஆசிரியர் நின்றதற்குக் காரணம் இதுவே என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவர் அதை ஒரு நாளும் விளக்கிச் சொல்லவில்லை.

ஆட்டம் வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும். முழங்கால் சற்று மடங்கி, இடுப்பிலிருந்து உடல் முன்சாய்ந்து, முழங்கைகள் விலாவின் பக்கம் மடங்கியிருக்கும். கானாவில் மற்ற இனத்தவர் இதைக் கோழி ஆட்டம் என்று கேலி செய்வதுண்டு. ஆனால் சிறகு அடிப்பது போலத் தெரிகிற கை உண்மையில் எதையும் செய்வதில்லை. தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகின் நடுவே நெருங்கி விலகுகின்றன, அந்த இழுப்பில் முழங்கை தானாகப் போய் வருகிறது. நான் கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் பின்னால் வந்து, என் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இரண்டு விரல்களை வைத்து, "இந்த விரலைக் கடி" என்றார். விரல் நசுங்கும் அளவுக்கு முதுகு குவிய வேண்டும், உடனே தளரவும் வேண்டும், அதே வேளையில் கால் நான்கு தட்டை விடாமல் போட வேண்டும். மறுநாள் காலையில் குளித்துவிட்டுத் துண்டால் முதுகைத் துடைக்க முடியாத அளவுக்கு வலி. மிருதங்கம் பழகியவனுக்கு விரல் வலி தெரியும். தாளம் முதுகில் வலிப்பது புதிது.

முதுகு ஓரளவு இணங்கிய பின் மணியைக் கேட்டால், அதே ஏழு அடிகள் வேறொன்றாக ஒலித்தன. 'தகிட' சொல்லி எண்ணுவதும் தேவைப்படவில்லை. சொல்லப்போனால், எண்ணத் தொடங்கினால் கால் பிந்துகிறது. 'தகிட' என்ற சொற்கட்டு எனக்கு வாசல் வரை வழிகாட்டியது என்பதை மறுக்க மாட்டேன். அதற்கு மேல் அது தடையாகிறது.

அனுமதி கிடைத்துக் கிடிக்கு வந்தாயிற்று. இதில் தோலில் குச்சி துள்ளி எழும் திறந்த அடியும், குச்சியை அழுத்தி ஒலியை அடக்கும் அடியும் மாறிமாறி வரும். தலைமை முரசான சோகோ, கைகளால் ஒரு தாளச் சொல்லைப் பேசினால், அதற்குரிய பதிலைக் கிடி சொல்ல வேண்டும். பதிலின் திறந்த அடிகளைத்தான் கேட்பவர் அறிவார்; அடக்கிய அடிகள் அடிப்பவனுக்கும் பக்கத்தில் இருப்பவனுக்கும் மட்டுமே. அவை தேவையா என்று எனக்கு ஐயம் இருந்தது. அவற்றை விட்டுவிட்டு அடித்துப் பார்த்தால் அடுத்த திறந்த அடி எப்போதும் அவசரப்பட்டு விழுகிறது. அடக்கிய அடிதான் கையை நேரத்தில் நிறுத்தி வைக்கிறது.

கேட்டா நகருக்கு அருகே ஓர் இழவுக்கு ஆசிரியருடன் போயிருந்தபோது, வகுப்பில் கேட்டதைவிட வேகம் குறைவாகவும் அழுத்தம் அதிகமாகவும் அக்பாட்சா ஒலித்தது. கருப்பும் சிவப்பும் உடுத்திய பெண்கள் இரண்டிரண்டு பேராக முன்னே வந்து ஆடிவிட்டுத் திரும்பினார்கள். ஒவ்வொரு ஜோடியின் முதுகையும் பார்த்துச் சோகோ வாசிப்பவர் சொல்லை மாற்றினார். முரசைப் பார்த்து ஆட்டம் நடக்கிறது என்று அதுவரை எண்ணியிருந்தவனுக்கு, ஆட்டத்தைப் பார்த்து முரசு நடப்பதும் அங்கே தெரிந்தது. நவம்பரில் அன்லோகாவில் நடக்கும் ஹொக்பெட்சொட்சொ விழாவுக்கும் போக வேண்டும். டோகோவிலுள்ள நோட்சே நகரிலிருந்து அன்லோ மக்களின் முன்னோர் தப்பி வந்ததை நினைவுகூரும் விழா அது.

சோகோவைத் தருமாறு இன்னும் நான் கேட்கவில்லை, கேட்டாலும் கிடைக்காது. பாட்டுத் தெரியாதவன் தலைமை முரசில் உட்காரக் கூடாது என்பது ஆசிரியரின் கட்டளை. ஆகவே இப்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் எவே பாடல்களை, மணி அடித்துக்கொண்டே பாடப் பழகுகிறேன். பாட்டு மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில் என் மணியும் சேர்ந்து வேகம் பிடித்துவிடுகிறது. காலைத் தரையில் போட்டுக்கொண்டே பாடினால் மட்டும் அது நிற்கிறது. வகுப்பில் உட்கார்ந்துதான் மணி அடிக்க வேண்டும் என்பதால், குதிகாலை மட்டும் தூக்கிப் போட்டு இதைச் சமாளிக்க முடியுமா என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.