குளிரில் கருக்கும் ஏத்தனும் என் நெட் தேர்வும்

களக்காட்டில் வாழைத் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். ஆனாலும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வை முதல்முறை எழுதியபோது, செடிகளின் குளிர்த் தாங்குதிறன் கேள்வியில்தான் மதிப்பெண்ணை விட்டேன். செடி குளிரைச் சமாளிக்க உதவும் மரபணுக்களை ஐஸ்1, சிபிஎஃப், கோர் என்று பெயர்களாக மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டதும் குழம்பிவிட்டது. வினாத்தாளின் சி பகுதியில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்பினால் 1 குறையும்.

அடுத்த முறை பழத்திலிருந்து தொடங்கினேன். ஏத்தன் வாழைச் சீப்பில் இரண்டு காயைப் பிய்த்து, ஒன்றை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

"ஏல, அதுக்குள்ள வச்சா தோலு கருத்துரும்லா?" என்றார் அப்பா.

"அதைப் பார்க்கத்தாம்ப்பா வைக்கேன்."

சில நாளில் எடுத்துத் தோலை மெல்லச் சீவினேன். உள்ளே நீளவாக்கில் பழுப்புக் கோடுகள். ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்த காய் பொன்னாகப் பழுத்திருந்தது. வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே இந்தச் சேதம் வரும். இது உறைவதால் வருவதல்ல, 0 டிகிரிக்கு மேலேயே நடப்பது. இந்த வித்தியாசம் பிடிபடாமல் மரபணுவுக்குப் போகாதீர்கள்.

காரணம் செல் சவ்வில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள். முதலாவது கட்டியாகிவிடும், இரண்டாவது ஓடும். நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு அதிகம். அந்தப் பிணைப்பைப் போடும் டீசாச்சுரேஸ் நொதிகளின் மரபணுக்கள் நன்றாக வேலை செய்யும் செடியின் சவ்வு குளிரிலும் இளகி நிற்கும். இல்லாவிட்டால் சவ்வு விறைத்துக் கசியும். செல்லுக்குள் தனித்தனி அறையில் இருந்த பீனால் என்ற வேதிப்பொருள்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியும் சேர்ந்துவிடும், தோல் கருக்கும். ஆச்சி வாழைக்காயை நறுக்கியதும் மோர்த் தண்ணீரில் போடுவது இதே நொதியை அடக்கத்தான்.

இதற்குப் பிறகு பெயர்கள் தானாக வரிசைக்கு வந்தன. குளிர் பட்டதும் ஐஸ்1 புரதம் சிபிஎஃப் மரபணுக்களை முடுக்கும், சிபிஎஃப், செல்லைக் குளிரிலிருந்து காக்கும் கோர் மரபணுக்களை முடுக்கும். ஹோஸ்1 என்ற இன்னொரு புரதம், ஐஸ்1-ஐச் சிதைவுக்கு அனுப்பி வேகத்தைக் குறைக்கும். இதை அம்புக்குறி போட்டுத் தினம் ஒருமுறை வரைந்தேன்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தக்காளி. ஆய்வகங்களில் வளர்க்கும், குளிர் தாங்கும் கடுகினச் சிறுசெடியான அரபிடாப்சிஸில் இருப்பதுபோல அதிலும் மூன்று சிபிஎஃப் மரபணுக்கள் அடுத்தடுத்து உண்டு. ஆனால் அவற்றின் சொல் கேட்டு எழும் மரபணுக்கள் தக்காளியில் மிகக் குறைவு. மரபணு இருப்பது வேறு, அதன் கீழே படை இருப்பது வேறு. 'தக்காளியில் சிபிஎஃப் இல்லை' என்று விடைத் தெரிவுகளில் ஒன்று வந்தால், தப்பு என்று தயங்காமல் அடித்துவிடலாம்.

குளிரில் வைக்கும் முன் சில பழங்களைச் சிறிது நேரம் வெந்நீரில் முக்குவதையும் படியுங்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் உருவாகி, பின்னால் வரும் குளிரிலும் காக்கும்.

இரண்டாம் முறை உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகைக்கு மறுபடி எழுதப்போகிறேன். எண்ணெய்க் கிண்ணம் இரண்டும் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கின்றன.